அண்ணனின் நண்பர்கள் எங்கே போனார்கள் என்று கேட்பவர்களுக்கு

கானா பாடகர் அண்ணன் இறந்துபோன அன்றைக்கே அந்தக் கேள்வி கிளம்பிவிட்டது. வட சென்னையில், எர்ணாவூர் சுனாமி குடியிருப்பில் அவருடைய பிளாக்குக்கு முன்னால் ஷாமியானா போட்டு, ஐஸ் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் பாடகர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அவரோடு மேடை ஏறினவர்கள், அவரிடம் பாட்டு எழுதி வாங்கிப் பாடினவர்கள். ஊரில் யார் வீட்டுச் சாவுக்கும் விடிய விடியப் பாடின மனுஷனை மற்றவர்கள் பாடித்தானே அனுப்ப வேண்டும். ஒருவர் மைக்கைக் கையில் எடுத்தார். கூட்டத்திலிருந்து ஒரு பையன் எழுந்து, "மூணு வருசமா படுத்துக் கெடந்தாரே, அப்ப எங்க இருந்தீங்க எல்லாரும்? இப்ப மட்டும் பாட வந்துட்டீங்களா?" என்று கத்தினான். இருபது வயசுகூட இருக்காது. அதற்கு மேல் பேச முடியாமல் அழுதுவிட்டான். மைக்கைப் பிடித்தவர் அதைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டார். ரொம்ப நேரம் யாரும் பாடவில்லை.

அன்றிலிருந்து போனைத் திறந்தாலே இதே பேச்சு. அவருடைய ரசிகர்கள் ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். அழுகிறார்கள், திட்டுகிறார்கள். கூடப் பாடினவர்களில் யார் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை, யார் சாவுக்கு வந்தும் பாடவில்லை என்று பெயர் போட்டுப் பட்டியலே சுற்றுகிறது. அந்தப் பட்டியலில் மூன்றாவதாக, டோலக் வாசிக்கிற அவருடைய நண்பர், நாங்கள் டோலக் அண்ணன் என்று கூப்பிடுகிறவர் பெயர் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு இதில் பேச என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். என் அம்மாவுக்குச் சர்க்கரையால் கிட்னி போய்விட்டது. அரசு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி, முதல் ஷிஃப்ட். அண்ணனும் அதே செவ்வாய், வியாழன், சனி முதல் ஷிஃப்ட். அம்மாவுக்கு அடுத்த கட்டில். உள்ளே அவர்களுக்கு நாலு மணி நேரம் ரத்தம் சுத்தமாகும். வெளியே வராந்தாவில் நாங்கள், கூட வந்தவர்கள், பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதை நான் அந்த பெஞ்சிலிருந்து பார்த்திருக்கிறேன். அண்ணன் பெயரை இங்கே எழுதவில்லை. அண்ணி வேண்டாம் என்றார். டோலக் அண்ணன் பெயரும் வேண்டாம். வட சென்னையில் கானா கேட்கிறவர்களுக்கு யாரைச் சொல்கிறேன் என்று தெரியும்.

அண்ணனை எனக்கு டயாலிசிஸுக்கு முன்னாலேயே தெரியும். 2009-இல் அப்பா இறந்தபோது எங்கள் வீட்டுக்குப் பாட வந்தவர் அவர்தான். அப்பா துறைமுகத்தில் கலாசி. தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு முழுக்க துறைமுகத்து ஆட்கள், மீன்பிடிக்கிறவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள். சாவு என்றால் ராத்திரி கானா இருக்கும். வெளியூர்க்காரர்களுக்கு மரண கானா என்றால் ஏதோ கூச்சல் என்று நினைப்பு. ராத்திரி முழுக்கப் பிணத்தோடு உட்கார்ந்திருக்கிற வீட்டில் நேரம் நகராது. அந்த ராத்திரியைக் கடத்திக் கொடுப்பது அந்தப் பாட்டுதான். செத்தவர் எப்படி வாழ்ந்தார், யாரோடு சண்டை போட்டார், யாரை வளர்த்தார் என்று பெயர் சொல்லிப் பாடுவார்கள். பெஞ்சைத் தட்டியே பாடுகிறவர்களும் உண்டு.

அண்ணன் வந்ததும் பாட ஆரம்பிக்கவில்லை. அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "இன்னா சாப்டுவாரு உங்க வூட்டுக்காரு? கோவம் வந்தா இன்னா பண்ணுவாரு? கடைசியா எங்க கூட்டிக்கினு போனாரு?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அம்மா அழுகையை நிறுத்திவிட்டுப் பதில் சொன்னாள். சம்பளம் வாங்கின அன்றைக்கு அப்பா பூ வாங்கிச் சட்டைப் பாக்கெட்டில் ஒளித்துக்கொண்டு வருவார் என்று அம்மா சொன்னது அன்றைக்குத்தான் எங்களுக்கே தெரியும். ஒரு மணி நேரத்தில் அதைப் பாட்டாக்கிவிட்டார்.

சம்பள நாளு பூ வாங்கி வருவியே
சட்டைப் பாக்கெட்டுல ஒளிச்சு தருவியே

இந்த ரெண்டு வரியைத்தான் அம்மா டயாலிசிஸ் கட்டிலில் அவரைப் பார்த்ததும் சொன்னாள். அவருக்கு ஞாபகம் இருந்தது. "கலாசி வூடு" என்றார்.

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் அவர் பாடாத தெரு கிடையாது. ஆடி மாசம் கூழ் ஊற்றும் கோயில், ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்தநாள் மேடை, கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி என்று எல்லாவற்றுக்கும் கூப்பிடுவார்கள். சினிமாவில் தேவா காலத்திலேயே கானா ஊரெல்லாம் பரவியாயிற்று. ஆனால் பாடுகிற தெருக்காரர்களுக்கு மரியாதை வர ரொம்ப நாள் ஆனது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு முதல் முறையாக மேடை ஏறியபோது அண்ணன் கூட்டத்தில் நின்று கேட்டாராம். 2020-இல் பிபிசி வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் ராயபுரத்து கானா பாடகி இசைவாணி பெயர் வந்ததை அண்ணன் டயாலிசிஸ் வார்டு நர்ஸ்கள் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார், தன் தங்கச்சிக்குக் கிடைத்த மாதிரி. அவருக்குப் பொறாமை என்பது நான் பார்த்தவரை இல்லை.

நோய் எப்படி வந்தது என்று ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். குடி என்கிறார்கள். குடித்தார்தான், ஆனால் டாக்டர் சொன்ன காரணம் வேறு. ரொம்ப வருஷமாக பி.பி. இருந்திருக்கிறது, மாத்திரை போடவில்லை. ராத்திரி முழுக்க உட்கார்ந்து பாடிவிட்டு விடிந்ததும் இடுப்பு வலி, தோள் வலி. மெடிக்கலில் சீட்டு இல்லாமல் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். ரெண்டும் கிட்னியைச் சாப்பிடும். பி.பி. வலிக்காது. கால் வீங்கி, மூச்சு வாங்கி ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்கு கிட்னி எந்த அளவுக்கு வேலை செய்கிறது என்று காட்டுகிற க்ரியாட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு நேராக டயாலிசிஸ் என்று சொல்லிவிட்டார்கள். இதைப் படிக்கிற பாடகர்கள், டோலக் அடிக்கிறவர்கள், ராத்திரி வேலை பார்க்கிறவர்கள் யாராக இருந்தாலும் தயவுசெய்து ஒருமுறை பி.பி. பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பார்க்கிறார்கள்.

டயாலிசிஸுக்குக் கையில் ஃபிஸ்டுலா போடுவார்கள். ரெண்டு ரத்தக்குழாயை இணைத்துத் தைப்பது. பெரும்பாலும் இடது முன்கையில். ஊசி தாங்குகிற அளவுக்கு அந்தக் குழாய் தடிக்க ஒன்றரை, ரெண்டு மாசம் ஆகும். அந்த இடத்தில் விரல் வைத்தால் உள்ளே கிர்ரென்று ரத்தம் ஓடுவது தெரியும். காலையில் எழுந்ததும் தொட்டுப் பார்க்கச் சொல்வார்கள், அது நின்றுபோனால் குழாய் அடைத்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் கையில் பி.பி. பார்க்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, அதன்மேல் தலை வைத்துப் படுக்கவும் கூடாது. அண்ணன் பாடகர் மட்டுமில்லை, டோலக்கும் அடிப்பார். இடது கைதான் அதில் கனத்த சத்தம் வருகிற பக்கம். ஃபிஸ்டுலா போட்ட பிறகு டோலக்கைத் தொடவில்லை. ஒருநாள் அந்தக் கையை என் காதுகிட்டக் கொண்டுவந்து, "கேளு, உள்ள அடிச்சிக்கினே இருக்குது" என்றார். நிஜமாகவே ஒரு ஓசை கேட்டது. அந்த ஓசைக்கு வலது கையால் தொடையில் தாளம் போட்டுக் காட்டினார்.

தண்ணீர்தான் அவருக்குப் பெரிய கொடுமை. சிறுநீர் போகாதவர்களுக்குக் குடிக்கிற தண்ணீர் உடம்பிலேயே தங்கும். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்கூடக் கிடையாது, குழம்பு, காபி எல்லாம் அதற்குள்தான். ஒவ்வொரு முறையும் எடை மிஷினில் ஏறி நின்றால் ரெண்டரை கிலோ, மூணு கிலோ கூடியிருக்கும், அத்தனையும் தண்ணீர். அதை நாலு மணி நேரத்தில் இழுத்து எடுக்கும்போது காலெல்லாம் பிடித்துக்கொள்ளும். பாடுகிற தொண்டைக்கு வறட்சி எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அண்ணி ஃபிரிட்ஜில் சின்னச் சின்ன ஐஸ் கட்டி செய்து ஃபிளாஸ்கில் போட்டுக் கொண்டுவருவார். ஒரு கட்டியை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு அது கரைகிறவரை பேசாமல் இருப்பார்.

பார்க்க வருகிறவர்கள் என்ன வாங்கி வருவார்கள்? இளநீர். சாத்துக்குடி. வாழைப்பழம். அன்பாகத்தான் வாங்கி வந்தார்கள், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கிட்னி போனவர்களுக்கு அதெல்லாம் விஷம். அதில் இருக்கிற பொட்டாசியம் ரத்தத்தில் ஏறினால் நெஞ்சே நின்றுவிடும். காய்கறியைக்கூட நறுக்கி வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைக்க வேண்டும். எர்ணாவூரில் இருந்துகொண்டு கருவாடு தொடக் கூடாது. அண்ணன் எல்லாவற்றையும் சிரித்த முகத்தோடு வாங்கி வைத்துக்கொள்வார். அவர்கள் போனதும் வராந்தாவில் இருக்கிற எங்களுக்குக் கொடுத்துவிடுவார். அவருடைய ரசிகர்கள் சிலர் இளநீர்க் குலையோடு நின்று எடுத்த போட்டோவை இப்போது ஸ்டேட்டஸில் வைக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த போட்டோ இல்லாதவர்கள் வரவில்லை என்று முடிவு கட்டுகிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

டோலக் அண்ணனைப் பற்றிச் சொல்கிறேன். முதல் ஷிஃப்டுக்குக் காலை ஆறரைக்கு அங்கே இருக்க வேண்டும். எர்ணாவூரிலிருந்து எண்ணூர் நெடுஞ்சாலை வழியாக வருவது என்றால் தெரிந்தவர்களுக்குத் தெரியும். துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும், சில நாள் ஆட்டோ நுழையவே இடம் இருக்காது. 2021-இல் விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்த பிறகு கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது தலை சுற்றும், பி.பி. இறங்கும், தனியாக விட முடியாது. அண்ணி விடியற்காலையில் காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்து விற்றால்தான் வீட்டில் அடுப்பு எரியும். அதனால் அண்ணனை அழைத்துக்கொண்டு வந்தது டோலக் அண்ணன். அவருக்கும் ராத்திரிதான் தொழில். எங்கேயாவது சாவு வீட்டில் விடிய விடிய அடித்துவிட்டு, தூங்காத கண்ணோடு நேராக எர்ணாவூர் போய் ஆட்டோ பிடித்து வருவார். வராந்தாவில் சுவரோடு சாய்ந்து தூங்குவார். நர்ஸ் வந்து பெயரைச் சொன்னால் முதலில் எழுந்து ஓடுவார்.

ரத்தம் வேண்டும் என்றால் ஆள் கூட்டிவந்தவர் அவர். காப்பீட்டு அட்டை புதுப்பிக்க, வருமானச் சான்றுக்காக விஏஓ அலுவலகத்துக்கு அலைந்தவர் அவர். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷம் அஞ்சு லட்சம் வரை சிகிச்சை உண்டு, டயாலிசிஸுக்குக் காசு கட்டவில்லை. ஆனால் ஆட்டோவுக்குத் திட்டம் கிடையாது, அன்றைக்குப் போன கூலிக்கும் கிடையாது. வாரத்துக்கு மூணு காலை என்பது ராத்திரி வேலைக்காரனுக்கு வாரத்துக்கு மூணு தூக்கம்.

அண்ணன் இறந்த ராத்திரி டோலக் அண்ணன் ஏன் வாசிக்கவில்லை என்று கேட்கிறீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பை வாங்கி வந்தது அவர். ஐஸ் பெட்டிக்குச் சொன்னது அவர். அதற்கப்புறம் பிளாக்குக்குப் பின்னால் படிக்கட்டில், அண்ணனுடைய சின்னப் பெண்ணை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசிக்கக் கூப்பிட்டார்கள். "கை வரல" என்றார். அவ்வளவுதான் நடந்தது.

இன்னும் சிலரும் வந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இட்லி விற்கிற அம்மா அண்ணனுக்கென்று உப்பில்லாமல் தனியாக சட்னி அரைத்துத் தந்தார். கொருக்குப்பேட்டையிலிருந்து ரெண்டு பையன்கள், பாட்டுக் கற்றுக்கொள்ள வந்தவர்கள், மாறி மாறி சனிக்கிழமையில் உட்காருவார்கள். இவர்கள் யார் பெயரும் எந்த ஸ்டேட்டஸிலும் வராது.

வராதவர்களும் உண்டு. அவருடைய பாட்டைப் பாடித்தான் பெயர் வாங்கினார்கள், கார் வாங்கினார்கள். ஒரு போன்கூடப் பேசாதவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். அண்ணன் அவர்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருப்பார். "அவனுக்குத் தெரியாது போல, யாராச்சும் சொன்னீங்களா?" என்பார். சொல்லியாயிற்று என்று டோலக் அண்ணன் எத்தனை முறை சொல்வார்? அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். அந்தப் பையன் கத்தினதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. கத்த வேண்டிய கேள்விதான். ஆள் மாறிப்போகக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

அப்புறம் ஒரு கேள்வி வருகிறது. ‘இத்தனை நண்பர்களில் ஒருத்தன் ஒரு கிட்னி தந்திருக்கக் கூடாதா?’ இதைச் சுலபமாகக் கேட்டுவிடுகிறார்கள். 1994-ஆம் வருஷத்து உறுப்பு மாற்றுச் சட்டம் என்ன சொல்கிறது என்றால், கணவன் மனைவி, அப்பா அம்மா, பிள்ளைகள், கூடப் பிறந்தவர்கள் தரலாம். தாத்தா பாட்டி, பேரப் பிள்ளைகளை 2011 திருத்தத்தில் சேர்த்தார்கள். நண்பர் தர வேண்டும் என்றால் அங்கீகாரக் குழு முன்னால் போய், காசுக்காக இல்லை, பாசத்தால்தான் தருகிறேன் என்று நிரூபிக்க வேண்டும். அதில் எத்தனை காகிதம், எத்தனை விசாரணை! இவ்வளவு கடுமை எதற்கு என்று எர்ணாவூரில் இருக்கிறவர்கள் கேட்கவே வேண்டாம். சுனாமியில் எல்லாம் போய் இங்கே குடியமர்த்தப்பட்ட மீனவப் பெண்கள் வறுமையால் கிட்னியை விற்றார்கள் என்று 2007 ஜனவரியில் செய்தி வந்தது இதே எர்ணாவூரிலிருந்துதான். அதற்கும் முன்னால் வில்லிவாக்கத்துக்கே ‘கிட்னிவாக்கம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். ஏழையின் உடம்பிலிருந்து எடுத்துக் காசுள்ளவனுக்கு வைத்த ஊர் இது. சட்டம் கண் வைக்காமல் இருக்க முடியுமா?

அண்ணி தரத் தயாராகத்தான் இருந்தார். பரிசோதனையில் அவருக்கே சர்க்கரை இருப்பது தெரிந்தது, வேண்டாம் என்றுவிட்டார்கள். டோலக் அண்ணன் கேட்டுப் பார்த்தார் என்பது அண்ணனுக்கே தெரியாது. ரத்த வகை சேரவில்லை. மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புக்காகத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தில் பதிந்து வைத்திருந்தார்கள். அந்த வரிசையில் ஆயிரக்கணக்கானவர்கள் நிற்கிறார்கள். அண்ணன் முறை வருவதற்குள் காய்ச்சல் வந்தது, ரத்தத்தில் கிருமி கலந்தது, நெஞ்சு தாங்கவில்லை.

சரி, பணத்துக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

போன வருஷம் அண்ணனுக்காக ஒரு கச்சேரி நடந்தது, நிதி திரட்ட. நடத்தினவர் அவருடைய பழைய நண்பர். அவர் பணத்தைத் தின்றுவிட்டார் என்று இப்போது பேச்சு. அவருடைய கணக்கு நோட்டை நான் பார்த்தேன். கணக்கு எழுதுவதுதான் என் வேலை, பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில். மேடையில் மைக் பிடித்துப் பத்தாயிரம், இருபதாயிரம் என்று அறிவித்தவர்களில் பாதிப் பேர் தரவே இல்லை. அவர்கள் பெயருக்கு நேரே வெறும் கோடு. மைக் செட்டுக்கும், லைட்டுக்கும், மண்டபத்துக்கும் தன் கையிலிருந்து கட்டிவிட்டு, வந்ததை அப்படியே அண்ணியிடம் கொடுத்திருக்கிறார். மண்டபத்துக் கடன் இன்னும் அவர் தலையில் இருக்கிறது. திட்டு வாங்குவது அவர். அறிவித்துவிட்டுப் போனவர்கள் மலர் வளையத்தோடு வந்து முன் வரிசையில் நின்றார்கள்.

இதைவிடப் பெரிய பணம் ஒன்று இருக்கிறது. அண்ணன் பாட்டுகள் யூடியூபில் ஓடுகின்றன. லட்சக்கணக்கில் பார்த்திருக்கிறார்கள், இறந்த பிறகு இன்னும் அதிகம். அதில் அவருக்கு ஒரு சேனலும் கிடையாது. பையன்கள் கேமராவோடு வருவார்கள், "அண்ணே, ஒரு பாட்டு" என்பார்கள், இவரும் பாடுவார். ரெண்டாயிரமோ மூவாயிரமோ கையில் கொடுப்பார்கள், பிரியாணி வாங்கித் தருவார்கள். அதோடு சரி. விளம்பர வருமானம் சேனல் வைத்திருப்பவருக்கு. அவருடைய பாட்டு அதிகம் இருக்கிற சேனல் யாருடையது தெரியுமா? அண்ணனை மாப்ளே என்று கூப்பிட்டு, ஒரே தட்டில் சாப்பிட்ட நண்பர். அண்ணி போய்க் கேட்டபோது, அடுத்த வாரம் சாத்துக்குடிப் பையும் ரெண்டாயிரம் ரூபாயும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே வந்தார். அண்ணன் காலைப் பிடித்துவிட்டார். அழுதார். அந்த அழுகை பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் பெயர் உங்கள் பட்டியலில் இல்லை, ஏனென்றால் அவர் ‘வந்தவர்’.

நான் கேட்பது ஒன்றுதான். அது உதவியா, பங்கா? உதவி என்றால் மனசு இருக்கிறவர் செய்வார், இல்லாதவர் விட்டுவிடுவார், அதில் நாம் தலையிட முடியாது. பங்கு அப்படியில்லை. அது அண்ணனுடைய காசு. அவர் எழுதின வரி, அவர் குரல். அந்தக் காசு வீடு வந்து சேர்ந்திருந்தால் அண்ணி விடியற்காலையில் காசிமேட்டுக்கு ஓடாமல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். டோலக் அண்ணன் வாரத்தில் ஒரு நாளாவது தூங்கியிருப்பார். யார் வந்தார் யார் வரவில்லை என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டியதில்லை.

தெரிந்த வக்கீல் ஒருவரிடம் கேட்டோம். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி எழுதினவர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காமல் உரிமை இன்னொருவருக்குப் போகாது. அண்ணன் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டதாக அண்ணிக்கு ஞாபகம் இல்லை. பாட்டு வரிக்கான உரிமை எழுதினவர் இறந்து 60 வருஷம் வரை குடும்பத்துக்கு உண்டு. பாடினதற்குத் தனியாக 50 வருஷ உரிமை இருக்கிறது, அதை வைத்துச் சம்பாதித்தால் பாடினவருக்கு ராயல்டி தர வேண்டும் என்று 2012 திருத்தம் சொல்கிறது. ஒரு சிக்கலும் இருக்கிறது. கானாவில் பாதிப் பாட்டுக்கு மெட்டு பழைய சினிமா மெட்டு. அந்த மெட்டு அண்ணனுடையது இல்லை, அதில் உரிமை கேட்க முடியாது. சொந்த மெட்டில் போட்டவையும் நிறைய இருக்கின்றன. எது எது என்று பிரிக்க வேண்டும்.

அதற்கு நோட்டு இருக்கிறது. பள்ளிக்கூடத்து நாற்பது பக்க நோட்டுகள், கட்டாக ஒரு மஞ்சள் பையில். பாட்டை எழுதி, யாருக்காக எழுதினது, எந்தத் தெரு, எந்த மாசம் என்று தலையில் குறித்து வைத்திருக்கிறார். மெட்டு சினிமாவுடையது என்றால் அதையும் ஓரத்தில் எழுதியிருக்கிறார். என் அப்பா பாட்டு இருக்கிறது. ‘கலாசி, தண்டையார்பேட்டை’ என்று போட்டிருக்கிறது. நானும் கொருக்குப்பேட்டைப் பையன்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து அதைப் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறோம். எந்தப் பாட்டு எந்தச் சேனலில், எப்போது ஏற்றினது, எத்தனை பேர் பார்த்தது என்று எழுதி வருகிறோம்.

பதினாறாம் நாள் படத்திறப்பு வருகிறது. கூட்டம் வரும், பாடகர்களும் வருவார்கள். அன்றைக்கும் ரகளை செய்யப்போவதாகச் சில பையன்கள் சொல்லியிருக்கிறார்கள். தம்பிகளா, பாட வருகிறவர்களைப் பாட விடுங்கள். அண்ணன் முன்னால் பாட்டை நிறுத்தாதீர்கள், அவருக்குப் பிடிக்காது. கேட்க வேண்டியதை, பாட்டு முடிந்த பிறகு, சேனல் வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள். இந்தப் பாட்டுக்கு இவ்வளவு நாளில் எவ்வளவு வந்தது, அண்ணி கணக்கில் எப்போது போடுவீர்கள் என்று கேளுங்கள். மேடையில் தொகை அறிவித்தவர்களிடமும் கேளுங்கள், மண்டபக் கடன் அப்படியே இருக்கிறது. டோலக் அண்ணன் பெயரைப் பட்டியலிலிருந்து இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அவர் பெரிய பெண்ணிடம் யாரோ அதைக் காட்டியிருக்கிறார்கள்.

உங்களிடம் அண்ணன் பாடின பழைய பதிவு இருந்தால், கேசட்டோ, மெமரி கார்டோ, சாவு வீட்டில் போனில் எடுத்ததோ எதுவாக இருந்தாலும், எந்த வருஷம், யார் வீடு என்று குறித்து அண்ணியிடம் ஒரு நகல் கொடுங்கள். காலையில் போக வேண்டாம், மீன் எடுக்கப் போயிருப்பார். சாயந்தரம் ஆறு மணிக்கு மேல் வீட்டில் இருப்பார். அண்ணனுடைய பெரிய பெண்ணுக்குப் பத்தாவது பரீட்சை, கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள்.